முப்பத்தொன்பது பாகை

நிலாவெளி ஆய்வுகூடத்தில் கரண்ட் போனபோது
குழாய்க்குள் தங்கம் ஊதாவாய் நின்றது.

மஞ்சள் இல்லை. பதின்மூன்று நானோமீற்றரில்
தங்கம் மஞ்சளை மறந்துவிடும்.
தனித்தனியே மிதந்தால் மாதுளைச் சிவப்பு,
நெருக்கிக் கட்டினால் நாவற்பழத் தோல்.
கட்டுகிற கயிறு டி.என்.ஏ.
பத்தே பத்து எழுத்து,
சிஃபானியா மூன்று மாதம் அலைந்து
சுங்கத்திலிருந்து மீட்டது.

"முப்பத்தொன்பது பாகையில் கயிறு அவிழும்,
சிவப்புத் திரும்பும்"
என்று கணக்குப் போட்டவள்
ஆறிக்கொண்டிருந்த நீர்த்தொட்டியைப் பார்த்தாள்.
"கன்னியாவுக்குப் போவமா?"

ஸ்கூட்டியில் நான் பின்னால்,
மடியில் ஐஸ் பெட்டி,
நடுப்பகல் வெயில் எங்களுக்கு முன்னால்
முடிச்சை அவிழ்த்துவிடக் கூடாதே.
உப்புவெளி தாண்டும்வரை
கடற்காற்று முகத்தில் உப்பைத் தேய்த்தது.
மூடியை அழுத்திப் பிடித்தேன்.
உப்பு ஏறினால் கயிறு இன்னும் இறுகும்,
கணக்குப் பிழைக்கும்.

சீட்டு வாங்கினோம், பெரியவர் இரண்டு.
ஏழு கிணறு, ஒன்றுபோல் ஒன்று சுடாது.
வெப்பமானியை நூலில் கட்டி இறக்க இறக்க
குளிக்க வந்தவர்கள் வாளியோடு முறைத்தார்கள்.
மூன்றாவது முப்பத்தேழு.
ஐந்தாவது நாற்பது.

"என்ன தங்கச்சி, சர்பத்தா?"
சீட்டுக்காரர் கிட்ட வந்தார்.
"தங்கம்."
சிரித்தார். மனைவியின் கொடி
போன மாசம்தான் வங்கிக்குப் போனதாம்.
என் இரண்டு காப்பும் அங்கேதான். சொல்லவில்லை.
இந்தக் குழாயில் இருப்பதை
எந்த அடகுத் தராசும் நிறுக்காது.

முப்பத்தேழில் பத்து நிமிடம்.
நாவல் நாவலாகவே கிடந்தது.
சிஃபானியா நகம் கடித்தாள்.

நாற்பதில்
கொஞ்சம் கொஞ்சமாக அல்ல,
நாள்கணக்காய் முரண்டுபிடித்த ஒருவர்
சரி, விடு என்று எழுந்து போவதுபோல
ஒரேயடியாகச்
சிவப்பு.

யாரோ வாளியைக் கீழே வைத்தார்.

அதே தங்கம். ஒரு துணுக்கும் கூடவில்லை.
துணுக்குக்கும் துணுக்குக்கும் நடுவே
இருந்த இடைவெளிதான் அகன்றது.
வெளிச்சம் வாசிப்பது அதைத்தான்.
சிஃபானியா நேரத்தைக் கையில் எழுதினாள்,
கொப்பியை எடுத்துவர மறந்திருந்தோம்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ பிள்ளையள்."
"ஆற வேணும் ஐயா. அரை மணித்தியாலம் ஆகும்."
நிழலில் குந்திக்கொண்டார்
குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சீட்டுக் கூண்டில் ஆளில்லை.
பஸ்ஸில் வந்திறங்கிய பதினொரு பேர்
எட்டிப் பார்த்துவிட்டு,
காசு கொடாமலே
குளிக்கப் போனார்கள்.