கூபர் பீடியில் ஒரு கல்லை விலை மதித்தல்

நாற்பத்தாறு பாகை.
ஊர் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது.
தெருவில் மிச்சம் ஒரு நாயும் அதன் நிழலும்.
இரண்டில் நிழல்தான் கொஞ்சம் சுகமாய்க் கிடக்கிறது.

குகைக்குள் கட்டுண்டு கிடப்பவர்கள்
சுவரில் ஆடும் நிழலை உலகமென்று நம்புவார்களாம்.
ஒருவன் மட்டும் கட்டறுத்து வெளியேறி
சூரியனைக் கண்டுவிடுவானாம்.
ஸ்டமாட்டிஸின் நாட்டில் பழைய கதை.
"சொன்னவர் இங்கே ஒரு ஜனவரி இருந்திருந்தால்
தலைகீழாய்ச் சொல்லியிருப்பார்.
வெளியே போனவன் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு
திரும்பி ஓடி வருவான்.
சூரியனைக் கண்டேன் என்பான்.
முதலில் கதவைச் சாத்து என்பார்கள்."

விசாத் தாளில் நான் கணக்காளர்.
கடையில் ஓப்பலை நனைத்து, சாய்த்து, விலை எழுதுபவள்.
தரை கூட்டுபவளும்.
இதில் எது நான் என்று
குடிவரவுத் திணைக்களம் இன்னும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியின் இடது தட்டில் ஒட்டுக்கல்:
மேலே கண்ணாடி, கீழே கறுப்புத் தகடு,
நடுவில் வெங்காயச் சருகளவு ஓப்பல்.
மயிற்கழுத்தாய் மின்னும்.
வலது தட்டில் முழுக்கல். கொஞ்சம் மங்கல்.
பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர்
இடப்பக்கம் விரல் நீட்டி
"அசல் இதுதானே?" என்கிறார்கள்.
இல்லையென்று சொல்ல எனக்குச் சம்பளம்.
சில நாட்களில், சொல்லாமல் இருக்க.

நேற்று மாலை ஸ்டமாட்டிஸ் வந்தார்.
ஜாம் போத்தலில் தண்ணீர்,
தண்ணீருக்குள் கோழிமுட்டையளவில் ஒரு கல்.
எட்டு மாதம், நான்கு டிரம் டீசல், முறிந்த ஒரு விலா.
கல்லின் வயிற்றில் பச்சை நெளிந்தது.
அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்,
பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப்போல.

வெளியே எடுத்தேன்.
காடைமுட்டை.
மிச்சம் போத்தலின் வளைவு.
பச்சை, எங்கள் கடைப் பெயர்ப்பலகையின் பச்சை.
வீட்டில் தொலைக்காட்சி வெளிச்சத்தில் பார்த்திருப்பார்,
அங்கே நீலமாய், சிவப்பாய், விளம்பரத்துக்கு விளம்பரம்.

நிறமுள்ள கல்லிலும் இல்லாத கல்லிலும்
அதே மணற்சத்து, அதே நீர்,
கண்ணுக்கெட்டாத அதே உருண்டைகள்.
ஒன்றில் அவை சந்தைத் தோடம்பழம்போல் அடுக்கியிருக்கும்,
இடுக்குகளில் புகும் ஒளி நிறநிறமாய்த் தெறிக்கும்.
மற்றதில், கூடை கவிழ்ந்த தோடம்பழம்.
சிவப்பு என்று ஒன்று எந்தக் கல்லுக்குள்ளும் இல்லை.
உருண்டை, இடைவெளி. அவ்வளவுதான்.
இதையும் அவர் ஊர்க்காரர் ஒருவர்
பூதக்கண்ணாடி பிறக்காத காலத்திலேயே ஊகித்தாராம்.
அவருக்கு விலா முறிந்திருக்காது.

"வெயிலில் பார்ப்போமா?" என்றேன்.
வேறெப்படிச் சொல்வது.

வெயில் கன்னத்தில் அறைந்தது.
கல்லைத் திருப்பினார். சாம்பல்.
திருப்பினார். சாம்பல்.
ஒட்டியிருந்த ஈரமும் ஒரு நிமிடத்தில் போயிற்று.

கண்ணை எடுக்காமலே கேட்டார்:
"உண்மைக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?"
"மெய். உடம்புக்கும் அதே சொல்."
விலாவைத் தடவிக்கொண்டு சிரித்தார், வலிக்க வலிக்க.
"எங்கள் சொல்லுக்கு, ஒளிந்திராதது என்று பொருள்.
முப்பத்தொரு வருடம்.
ஒளிந்திராததை எதற்காகத் தோண்டினேன்?"

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்,
தீர விசாரிப்பதே மெய் என்பார்கள்.
விசாரித்தாயிற்று. சீட்டில் பூச்சியம் எழுதினேன்.
விசாரித்த பிறகு ஒரு மனிதனை
என்ன செய்வதென்று பழமொழியில் இல்லை.

கல்லைப் போத்தலில் போட்டு
எங்கள் குழாயிலேயே நீர் பிடித்து
ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

இரவு கடை சாத்தும்போது பெயர்ப்பலகையை அணைத்தேன்.
போத்தல் இருண்டது.
போட்டேன். கல்லுக்குள் பச்சை நெளிந்தது.
அணைத்தேன்.
மூன்றாம் முறை போட்டபோது
நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கார் திரும்பி வந்து நின்றது,
கடை திறந்திருக்கிறதென்று நினைத்து.