கலிக்குத்து

இருபத்தொன்பதாம் தெரு முனை, ரங்கூன். மழை விட்ட நேரம்.
வெற்றிலை பரப்பிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.
கப்பல்காரன் ஒருவன் வந்து நின்று
வாயைத் திறந்து காட்டினான்:
முன்வரிசை முழுக்கக் காலி.
வயசு நாற்பதுகூட இருக்காது.
கம்பி அறுந்து முகத்தில் அடித்ததைக்
கையாலேயே சொல்லி முடித்தான்.
மணிலாப் பக்கமாம், பெயர் ரொஹேலியோ.

குன்யா மடித்து நீட்டினேன்.
வாங்கினான், வாயில் போடவில்லை.
சட்டைக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் குழல்.
மடித்ததை அப்படியே அதற்குள் திணித்தான்,
உளிமுனைக் கம்பியை இறக்கி
டக் டக்கென்று இடித்தான்.
அது என்ன என்று கண்ணால் கேட்டேன்.
'கலிகுத்' என்றான்.

எதிர்க்கடை ஜமால் மரைக்கார்
தேநீர் ஆற்றுவதை நிறுத்தி,
'கள்ளிக்கோட்டையா? நம்ம பக்கத்து ஆளா?' என்றார்.
எனக்குக் கேட்டது குத்து மட்டும்தான்.
குத்துவதைக் குத்து என்கிறவன்
அவ்வளவு தூரத்து ஆளாக இருக்க முடியாது.

குழலின் அடியடைப்பைத் தட்டினான்.
செம்மண் உருண்டையொன்று உள்ளங்கையில் விழுந்தது.
கன்னத்தில் அதை ஒதுக்கிக்கொண்டு
டாலரை நீட்டினான், நாலாய் மடித்த டாலரை.
மடிப்பு விழுந்த டாலரை இந்த ஊரில்
கோயில் உண்டியல்கூட வாங்காது.
தலையாட்டினேன்.
என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்,
கடனை இடித்துக் கழிக்க.

சைக்கா மிதிக்கும் ஊ தெய்ன் முதலில் வந்தார்,
பல் போன ஆறு வருஷத்துக்குப் பிறகு.
கண்ணை மூடிக் குதப்பினார்.
பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது,
அவர் வண்டியை நகர்த்தவில்லை.
இன்னும் இரண்டு பேர், பிறகு மீன்காரி, பிறகு
பல்லெல்லாம் இருந்தும் வேடிக்கைக்காக மரைக்கார்.

பாக்கு நறுக்கி நறுக்கிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு வெட்டுக்கும் என் பாக்குவெட்டி கிறீச்சென்றது.
ஒவ்வொரு கிறீச்சுக்கும் அவன் முகம் சுளித்தது.
கடைசியில் பிடுங்கிக்கொண்டான்.
கால்சட்டைப் பையில் கப்பல் கிரீஸ் வைத்திருந்தான்.
ஆணியில் தடவி இரண்டு தரம் திறந்து மூடி,
காதருகே வைத்துக் கேட்டு,
திருப்திப்பட்டுப் போய்விட்டான்.
கணக்குப் பார்த்தால்
நான்தான் அவனுக்குத் தரவேண்டியிருக்கும்.

இப்போது வெட்டி கத்துவதில்லை.
பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிறீச்சை நம்பித்தான்
தெருவைப் பார்த்தபடியே வெட்டியிருக்கிறேன்.
இடது பெருவிரலில் துணி சுற்றியபோதுதான் அது தெரிந்தது.

'கள்ளிக்கோட்டைக்காரன் மறுபடி வருவானா?'
மரைக்கார் தினமும் கேட்கிறார்.
வரட்டும்.
கொஞ்சம் துரு கேட்க வேண்டும் அவனிடம்.