அளவு வளையம்

எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு
நகைக்கடைக்குப் போனோம், பதினோரு பேர்.
கடைக்காரர் சாவிக்கொத்து மாதிரி ஒன்றை எடுத்தார்.
எல்லாம் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்.
"மாப்ள, வலது கைய நீட்டுங்க."
டில்லிபாபு நீட்டினான்.
மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில்
வளையம் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

கடையில் ஏசி ஓடுகிற சத்தம்
அப்போதுதான் கேட்டது.

மணலி பக்கம் ஒரு ஷெட். பிரஸ் மெஷின்.
ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம்.
பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டான்,
காபி டம்ளரை இடது கையால் வாங்கியதற்கு
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதையும் சொன்னான்.
இன்றைய விலைக்கு அதில்
அரைப் பவுன் வராது.
ஒரு விரல் எத்தனை கிராம் இருக்கும் என்று
அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.
யாரிடம் கேட்பது?

கடையில் ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள்.
நடுவிரல் சனி விரல், வேண்டாம் என்றாள் பெரியம்மா.
ஆள்காட்டி விரல் குரு, நல்லதுதான்,
ஆனா பாக்குறவன் இன்னா நெனப்பான்?
இடது கையா? நல்ல காரியத்துக்கு இடது கையா?
"எங்க எதிர்வூட்ல எல்லாரும் இடது கைலதான் போட்டுக்குறாங்கோ,
சர்ச்ல வச்சு. நல்லாத்தான் கீறாங்கோ"
என்றாள் ராயபுரத்து அத்தை.
தேசப்பன் மாமா மட்டும்
பத்திரிகையில் தன் பேர் மூன்றாவது வரிக்குப் போனதை
இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

டில்லிபாபு கண்ணாடி மேசையில்
வைத்த கையை எடுக்கவில்லை.
வீட்டு மனை பிளான் பார்ப்பதுபோல்
எல்லாரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாத இடம்.
"இடது கை. பத்தொன்பதாம் நம்பர்" என்றேன்.
கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.
சரியாக இருந்தது.
எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
பெரியம்மா மட்டும்
புடவைப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

எப்படித் தெரியும் என்றால்,
என் ஃபோர் பீச்சில் நடக்கும்போது
இடது கையைத்தான் கொடுப்பான்.
வலது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும்.
வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கக்கூட வெளியே வராது.

ரிசப்ஷனில் போட்டோகிராபர் சொன்னார்:
"அண்ணா, அந்தக் கைய பின்னால வச்சுக்கோங்க."
வைத்துக்கொண்டான்.
ஆல்பம் முழுக்க இப்போது,
எனக்கென்று எதையோ வாங்கி வந்து
முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் மாதிரி நிற்கிறான்.

மறுநாள் காலை அவர்கள் வேன்
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டது.
கூட்ஸ் வண்டி. நாற்பத்திரண்டு பெட்டி என்று
கொழுந்தன் போனில் எண்ணிச் சொன்னான்.
ஐயர் வாட்சைப் பார்த்தார்,
நான் மாலையில் எறும்பு பார்த்தேன்.
முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில்
வந்து உட்கார்ந்தான், நெற்றியெல்லாம் வேர்வை.
மூன்று முடிச்சுக்கு
ஒன்பது விரல் தாராளம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் குடம் வந்தது.
மஞ்சள் தண்ணீர், அடியில் மோதிரம்,
சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்களும்.
"வுடாத, வுடாத!"
கையை விட்டேன். அவனும் விட்டான்.
குறுகலான வாய். உள்ளே எதுவும் தெரியாது.
மோதிரம் என் சுண்டுவிரலில் இடித்தது.
அதை விட்டுவிட்டு
அந்த இடத்தைத் தொட்டேன்.
கையை இழுக்கப் பார்த்தான்.
இரண்டு கை ஒன்றாக வெளியே வராத குடம்.
உருண்டையாக, வழவழவென்று இருந்தது,
நான் நினைத்த மாதிரி இல்லை.
பிறகு அவன் இழுக்கவில்லை.

"இன்னாடி தேடுற இம்மாம் நேரம்?"

மூன்று சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை.
அத்தை அலுத்துப்போய்க் குடத்தைக் கவிழ்த்தாள்.
மேடையிலிருந்து உருண்டு
பந்தி வரைக்கும் போன மோதிரத்தை
இலை எடுக்கிற பையன் காலால் நிறுத்தி
"இது யார்துண்ணா?" என்றான்.