பத்து மதிப்பெண் வினா

"அமெரிக்காவில் தொழில் வளர்ச்சியும்
சமூகச் சீர்திருத்த இயக்கங்களும்: விவரி."
போன வருஷம் வந்ததாம். இந்த வருஷமும் வருமாம்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ் போகும் டெம்போவில்
பதினேழு பேருக்கு நடுவே நின்றபடி
கைடைப் பிரிக்கிறேன்.
ரத்னவ்வாவின் டிபன் டப்பா என் இடுப்பில் இடிக்கிறது.
என்ன படிக்கிறே என்று கன்னடத்தில் கேட்கிறாள்.
இருநூறு வருஷப் பழைய மில் கதை என்கிறேன்.
"நாம இருக்கமா அதுல?"

ஆற்றங்கரையில் செங்கல் மில்.
தூரத்துப் பண்ணைகளிலிருந்து வந்த பெண்கள்.
அண்ணன் படிப்புக்கு, அப்பா கடனுக்கு
(இது கைடில் இல்லை, எனக்குத் தெரியும்).
விடியுமுன் மணி.
சாப்பிட அரை மணி, அதில் பாதி
ஓடிப்போய் ஓடிவர.
முதலாளிகள் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டார்கள் என்று
ஒரே ஒரு வரி.

அந்த வரியில் விரல் வைத்தபோது
லோகேஷின் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்
காதுக்குள் ஓடியது.
ஒரு காலருக்கு முப்பத்தெட்டு செகண்ட்.
தும்மினால் நாற்பது.

சீர்திருத்தங்களுக்குக் கட்டம் போட்டிருக்கிறான்:
மது ஒழிப்பு, பள்ளிகள், சிறைகள்,
பெண்ணுக்கு ஓட்டு, அடிமை ஒழிப்பு.
கட்டத்துக்கு வெளியே பொடி எழுத்தில்,
பத்து மணி நேர வேலை கேட்டு
ஆயிரக்கணக்கில் கையெழுத்து.
சட்டசபை கேட்டுக்கொண்டது.
கையை விரித்தது.

பஞ்சு எங்கிருந்து வந்தது
என்பது இரண்டு பாடம் தள்ளி.
அடிமைகள் பறித்த பஞ்சு.
மனுவில் பெயர் எழுதிய விரல்களுக்கு வேலை கொடுத்த பஞ்சு.
அதில் நெய்த முரட்டுத் துணியில் கொஞ்சம்
திரும்பக் கப்பலேறிப் போய்
பறித்தவர்கள் முதுகிலேயே விழுந்தது.
நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.
எங்களுக்கு வரும் துணிச் சுருளில்
பஞ்சு விளைந்த ஊர் இருக்காது.
சட்டை போகும் ஊர் மட்டும் தெரியும்:
பெட்டியில் பாஸ்டன் என்று நான்தான் ஒட்டுகிறேன்.

ஞாயிறு பரீட்சை. ஞாயிறு ஷிப்மெண்ட்.
"ஜெயசீலி, நீயே யோசி" என்றான் லோகேஷ்.
யோசித்தேன்.
ராஜாஜிநகரில் ஒரு பள்ளி,
முழங்கால் இடிக்கும் சின்னப் பெஞ்சு.
பேனாவுக்குப் பையில் கைவிட்டால்
பித்தளை வில்லை.
எங்கள் லைனின் டாய்லெட் டோக்கன்.
அறுபது பேருக்கு அது ஒன்றுதான்,
சனிக்கிழமை திருப்பித் தர மறந்திருக்கிறேன்.
ஐயோ, இன்று அவர்கள் எப்படிப் போவார்கள்?
பொடி எழுத்தில் இருந்ததை முதலில் எழுதினேன்.
மதுவுக்கு நேரம் போதவில்லை.

திங்கட்கிழமை டெம்போவில்
ரத்னவ்வா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:
டோக்கன் காணோம் என்று பத்துமணி வரை பொறுத்தார்களாம்.
பிறகு ஷமீம் எழுந்து போனாளாம், கேட்காமல்.
அவள் பின்னால் இன்னொருத்தி.
லோகேஷ் கத்தியிருக்கிறான்.
மெஷின்கள் ஓடியதில் யாருக்கும் கேட்கவில்லையாம்.

டோக்கனை இன்னும் தேடுகிறார்கள்.
நானும் கூடவே குனிந்து
டேபிளுக்கு அடியில் பார்க்கிறேன்.

கைடில், நாற்பத்தோராம் பக்கம்
கொஞ்சம் உப்பியிருக்கிறது.