கூட்டறிக்கை

மேசையில் தட்டினார்கள்.
ஆமோதிப்பா, எதிர்ப்பா, எதை எழுத?
ரெண்டுக்கும் ஒரே சத்தம்.

நிந்தவூர்ச் சபையில் கௌரவ உறுப்பினர்
கௌரவ உறுப்பினரை நாய் என்றார்.
நீக்கச் சொன்னார் தவிசாளர்.
எழுதினால்தானே நீக்கலாம்.
எழுதினேன், வெட்டினேன்.
கோட்டுக்குக் கீழே இன்னும் வாலாட்டுகிறது.

வடிகான் ஒதுக்கீடு வாசிக்கையில்
பின்வரிசையிலிருந்து மசூதா,
ஒலிவாங்கி இல்லாமல்:
"போன மாரிக்குக் கானுக்குள்ள போன புள்ளய
எந்தத் தலைப்பில போட்டீங்க?"

"இரிகா!"
"ஒழுங்குப் பிரச்சினை!"
மணி.
மறுகா தேத்தண்ணி வந்தது, வடையும்.

இதற்கென்றே ஒரு சொல் உண்டு: குறுக்கீடு.
பதினெட்டு வருசமாக எழுதுகிற சொல்.
இன்று கை வரவில்லை.
கேள்வியை முழுசாக,
கேள்விக்குறியோடு எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார்,
ஒருவர் வழிமொழிவார்,
வழமைபோல்
வாசிக்காமல்.