பாய் மாற்றும் இரவு

பத்தரைக்கு முடிந்தது பாட்டுக் கச்சேரி.
விடிந்தால் பெண்கள் கபடி.
நடுவே நாங்கள் ஒன்பது பேர்,
இருநூற்றுப் பன்னிரண்டு பாய்,
திருப்பூர் மாநகராட்சி என்றெழுதிய
தள்ளுவண்டி ஒன்று.

ஜிகினாத் தாள்
சீமாற்றுக்கு வரமாட்டேன் என்கிறது.
"விடுங்கக்கா, மேல பாய் போட்டா
ஆருக்குத் தெரியுது" – மேஸ்திரி சென்னியப்பன்.
கால் வழுக்கினால் தெரியும்.
நகத்தால் சுரண்டுகிறாள் பொங்கியாத்தாள்;
பகலெல்லாம் பனியனில் பிசிறு வெட்டிய விரல்.

மூன்று மணிக்கு நடுக்கோடு சேர்ந்தது.
ஏழாயிரம் நாற்காலியும் காலி.
சேலையை இழுத்துச் செருகி
மூச்சுப் பிடித்து
அவள் கோட்டைத் தாண்டினாள்.
எதிரே மேஸ்திரி
பிடிக்கவும் தெரியாமல்
விலகவும் தெரியாமல்.

தொட்டுத் திரும்பினாள்.
மிச்சம் பேர் விசிலடித்தோம்,
கூரை திருப்பி அடித்தது.

ஒரு புள்ளி.
மின்பலகைச் சாவி
ஆபீசில் இருக்கிறது.