முப்பத்தேழு

கொழிஞ்சாம்பாறையில் ஏறியதிலிருந்து
சித்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி
ஒரே சொல்லை ஒத்திகை பார்ப்பேன்:
பிரசன்ட்.

வகுப்பில் அது
தொண்டையைத் தாண்டுவதற்குள்
சார் முப்பத்தெட்டுக்குப் போயிருப்பார்.
ரிஜிஸ்டரின்படி
ஜூலை முழுக்க நான் கல்லூரிக்கே போகவில்லை.

'மிண்டாப்பூச்ச' என்று பெயர் வைத்தவள்
நாற்பத்தொன்று, ஜிஸ்னா.
புரியாத மாதிரி சிரித்துவைத்தேன்.
மத்தியானம் என் புளிச்சோற்றில்
கேட்காமலே கை விட்டாள்;
அவளுடைய கடுமாங்காயை
மூடியோடு என் பக்கம் தள்ளினாள்.

துலா மழையில் பஸ் ஓடாத திங்கள்.
பக்கத்து இடம் காலி.
"நாற்பத்தொன்று?"

"பிரசன்ட் சார்!"

ஜன்னலோரப் பையன்கள்கூடத் திரும்பினார்கள்.
அந்தக் குரலை
நானும் அன்றுதான் கேட்டேன்.

ரிஜிஸ்டரின்படி
ஜிஸ்னா அன்று வந்திருந்தாள்.
முப்பத்தேழு
வழக்கம்போல் வரவில்லை.